முற்றத்து மணல்

ஜூன் 12, வியாழன்
கிணற்றடியில் கதிர்வீச்சு மீட்டர் நிமிடத்துக்கு 31. வழக்கம்போல் இரண்டு முறை பார்த்தேன். அணுமின் நிலையத்தில் நேற்று விபத்து. உள்ளே என்ன உடைந்தது என்று அதிகாரிகள் சொல்லவில்லை. மற்ற எல்லாரும் சொல்கிறார்கள்.

ஜூன் 13
நல்ல மழை. கிணற்றடிக்குப் போகாமல் மீட்டரை முன்முற்றத்தில் வைத்தேன். 94. மறுபடியும் பார்த்தேன், 97. கதிர்வீச்சு மழையோடு இறங்கிவிட்டதா? பக்கத்து வீட்டு ரத்னபாய் வேலிக்கு மேலாகக் கேட்டாள்.
"சாறே, மெஷின் என்ன சொல்லுது?"
"மூணு மடங்கு கூடுதல்."
சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 14
என் மூன்று மடங்கு பாறசாலைச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் பத்து மடங்காகிவிட்டது. ரத்னபாயின் மருமகள் ஜீனாவுக்கு மூன்று மாதம். கலைத்துவிடலாம் என்று பேச்சு. திங்கட்கிழமை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். "சாறுக்க மெஷின் பொய் சொல்லுமா?" என்றாளாம் ரத்னபாய்.

ஜூன் 15, ஞாயிறு
மழை விட்டது. கிணற்றடி 31. முன்முற்றம் 95. அப்படியானால் மழை இல்லை. பழைய நோட்டைப் புரட்டினேன். 2013, மகள் அஞ்சுவின் கல்யாணப் பந்தலுக்குக் கடலோரக் கடப்புறத்திலிருந்து ஒரு லோடு கரிமணல் இறக்கி முன்முற்றத்தில் விரித்தோம். கரிமணலில் கதிர்வீசும் தோரியம் உண்டு என்று கல்லூரியில் வருடந்தோறும் பாடம் எடுத்தவன் நான்தானே! எதுக்கு ஓய் உனக்கு ஒரு மீட்டரு?

ரத்னபாய் வீட்டுக்குப் போனேன். நிறைய பேர். "கல்யாண மணலாக்கும் காரணம்" என்றேன். ஜீனாவின் கணவன் சஜன் சிரித்தான். "அண்ணைக்கு விஷம், இண்ணைக்கு மணலா? சாறை யாரு மெரட்டினது?"
தப்பை உடனே நம்பினவர்கள் திருத்தத்தை நம்பவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 16
ஆட்டோ வருமுன் போய் வாசலில் நின்றேன். மீட்டரை ஜீனா கையில் கொடுத்தேன்.
"நீயே வச்சுப் பாரு மக்களே."
அவர்கள் முற்றத்தில் 30. கிணற்றில் 32. என் கிணற்றடியில் 31. என் முன்முற்றத்தில் 96. அவள் குனிந்து மணலைப் பார்த்தாள்.
"அங்க நிலையத்துல என்ன ஆச்சுண்ணு எனக்குந் தெரியாது. இந்த மண்ணு மட்டும் தெரியும்" என்றேன்.
"ஆட்டோ நிக்குது, வா" என்றான் சஜன்.
"ஆட்டோவ அனுப்பி விடுங்க" என்றாள் ஜீனா.

ஜூலை 2
31. ரத்னபாய் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஜனவரி 11
கிணற்றடி 31. விபத்து பற்றிய அறிக்கை இன்னும் வரவில்லை.
ஜீனா குழந்தையைக் காட்ட வந்தாள். பெண். கேட்டைத் திறந்தவள் முன்முற்றத்தில் கால் வைக்காமல், வேலியோரமாக நடந்து, கிணற்றடி வழியாகச் சுற்றி வந்தாள்.
நான் போய் கிணற்றடிப் பக்கத்து அடுக்களைக் கதவைத் திறந்தேன்.