என் போர்வையை எடுத்து வரவா?

அன்புள்ள உனக்கு,

மாதக் கடைசியில் ஒஸ்லோ வருகிறேன், இரண்டே நாள். ஒரு காப்பியே கையைக் கடிக்கும் ஊர் என்பதால் ரொட்டியும் பழுப்புச் சீஸும் கட்டிக்கொண்டு வருவேன். அதிலெல்லாம் குழப்பமில்லை. படுக்கைதான் குழப்பம்.

நேற்று போனில், "என் போர்வையை எடுத்துட்டு வரவா?" என்று கேட்டேன். "வேணாம், கட்டில்லயே ரெண்டு கெடக்கு" என்றாய். பிறகு இருமினாய். "ரூம் ரொம்பச் சின்னது, ஹோட்டல்ல தங்கிக்கோயேன்" என்றாய். ஹோட்டலா, கொள்ளை விலை என்று போன வாரம் கத்தியவனும் நீதானே?

பக்கத்து வீட்டு குன்வோரிடம் சொன்னேன். "வேலைக்குப் போன புருஷனைப் பாக்க ஹோட்டலாடி?" என்று சிரித்தாள். போர்வையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கேட்காமலே எனக்குக் காப்பி ஊற்றினாள்.

எல்லா வீட்டையும் போல நம் கட்டிலிலும் ஆளுக்கொரு போர்வைதான். ஜனவரிக் குளிரிலும் அந்த ஒன்றையே உதைத்துத் தள்ளுகிறவன் நீ.

இருந்தாலும், அங்கே இரண்டையும் நீயே போர்த்திக்கொள்வதாக ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன். என்னுடையதைச் சுமந்துகொண்டு வருகிறேன்.

பெட்டியை மூடாமல் வைத்திருக்கும்,
உன் மனைவி