நீ போட்ட அப்பா வேஷம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்கிவிட்டு அப்புறம் ஒவ்வொரு குறையாக அவிழ்ப்பதுதான் நம் வீட்டு வழக்கம். அதனால் அதை முதலில் எழுதி வைக்கிறேன்: எல்லோரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் "ஷாட் ரெடிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது பார்.

உன் படம் இங்கே வந்தது. நானும் அம்மாவும் பார்த்தோம்.

உன் கேமராக்காரர், நீ நெட்டை என்று கூப்பிடுவாயே, அவரேதான் தோளில் ஒரு பையும் பைக்குள் உன் படமுமாக வந்து இறங்கினார். உள்ளே நுழையும்போதே நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். அதை வைத்தே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தியேட்டர்காரர்கள் யாரும் படத்தை வாங்கவில்லை, அதனால் ஊர் ஊராகப் போய்க் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லும்போது மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் என்ன வெட்கம், நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், கண்ணிருந்தும் பார்க்காதவர்களைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லி டீயைக் கொடுத்தேன்.

தொழிற்சங்கக் கட்டிடத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டோம். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டியது உன் மாமாதான். அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையிலிருந்து பழைய ஆட்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். சண்டை இருக்கிறதா, பாட்டு இருக்கிறதா என்று நெட்டையைக் குடைந்தார்கள். இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் தலையை ஆட்டிவிட்டு அவர் விளக்கை அணைத்தார்.

முதலில் நம் வீட்டுச் சுவர் வந்தது. ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஓடுமே ஒரு விரிசல், அது வந்தது. அப்பா தானே சிமெண்ட் குழைத்துப் பூசிய இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருக்குமே, அதுவும் வந்தது. எங்களுக்குத் தெரியாமல் எப்போது வீட்டுக்குள் வந்து எடுத்தீர்கள் என்று நெட்டையிடம் கேட்டேவிட்டேன். வெங்காயக் குடோன் ஒன்றில் அட்டையை நிறுத்தி நீயே வண்ணம் தீட்டியது என்றார். கண்ணெரிச்சலில் எல்லோரும் அழுதுகொண்டே வேலை பார்த்தீர்களாம். ஒரு நண்பர் தன் வீட்டைச் சும்மாவே தருகிறேன் என்று சொல்லியும், எந்தச் சுவரிலும் எங்கள் வீட்டு அழுக்கு இல்லை என்று நீ வேண்டாம் என்றுவிட்டாயாம். ஊரைக் கூட்டி வைத்து நம் வீட்டு அழுக்கைக் காட்டிவிட்டானே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒன்று சொல்கிறேன். போன வருஷம் சுவரைப் பூசி வெள்ளையடித்தோம். அந்த விரிசல் இப்போது இங்கே இல்லை. உன் படத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் கதவு திறந்தது. அப்பா உள்ளே வந்தார்.

நீதான் என்று எனக்குத் தெரியும். நடிக்க ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டதால் நீயே அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டாய் என்று நெட்டை முன்கூட்டியே சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. ஒரு தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, நாளெல்லாம் மெஷின் முன்னால் நின்ற கால்களை இது என் தரைதானா என்று கேட்டுக் கேட்டு வைப்பது போன்ற அந்த நடை. முன் வரிசையில் அப்பாவோடு வேலை பார்த்த டர்னர் ஒருவர் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்துவிட்டார். அப்புறம் சட்டையை இழுத்துவிடுவதுபோல் பாவனை செய்துகொண்டு உட்கார்ந்தார்.

இத்தனை வருஷத்தில் மற்றவர்கள் படங்களில் நீ எத்தனை வேஷம் கட்டியிருப்பாய். போலீஸ்காரன், பிணம், உதட்டைப் பிதுக்கும் டாக்டர், மறுபடியும் பிணம். "இந்தப் படத்துலயாவது உங்க பையன் உயிரோட வர்றானா?" என்று பக்கத்து வீட்டு டீச்சர் நம் அம்மாவைக் கேலி செய்வார். இந்தப் படத்தில் நீ உயிரோடு வந்தாய் தம்பி. நீ மட்டுமா வந்தாய்.

கடைசியில் பெயர்கள் ஓடியபோது கதை, ஓவியம், நடிப்பு, இயக்கம், படத்தொகுப்பு என்று உன் பெயரே வந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். "வேலைக்கு ஆளே கிடைக்கலையா பாவம்" என்று ஒருவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து, டீயை ஆற்றிக்கொண்டே தொடங்கினாள். அவருக்கு விரல் நுனி போனது இடது கையில், இவன் வலது கையை மடக்கிக்கொண்டு திரிகிறான் என்றாள். அவசரத்தில் மறந்திருப்பான் என்று நான் உனக்காக வாதாடினேன். மறந்திருக்க மாட்டான், கண்ணாடி முன்னால் நின்று பழகியிருப்பான், படம் வரைகிறவன் புத்தி அது என்றாள். நெட்டை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம் என்றார். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று உன்னையே நீ வரைந்து வரைந்து பழகினாயாமே. கை மாறிப்போனது படம் எடுத்து முடித்த பிறகுதான் தெரிந்ததாமே. தான் கண்டுபிடித்துவிட்டதில் அம்மாவுக்கு ஏகப்பட்ட பெருமை.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மகன் வீட்டைவிட்டுப் போகும் இடத்தில் நீ மகனைக் காட்டவே இல்லை. பஸ் போகிறது. அப்பா தெருமுனையில் நிற்கிறார். நின்றுகொண்டே இருக்கிறார். எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறார், அப்போதும் நிற்கிறார். படம் நின்றுபோய்விட்டதா என்று பின்னால் யாரோ கேட்டார்கள். எனக்கும் அந்த இடம் கொஞ்சம் நீளம்தான் என்று பட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தவள், அடுத்த காட்சி வரும்வரை விடவில்லை.

நெட்டை கை கழுவப் போன நேரத்தில் அவள் என்னிடம் கேட்டாள். "அவன்தான் பஸ் ஏறிப் போயிட்டானே. அவர் அங்க நின்னது அவனுக்கு எப்படிடி தெரியும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். நீ கிளம்பிய அன்று, சாயம் பூசுவதும் வேஷம் கட்டுவதும் சோறு போடாது, போகிறவன் போகட்டும் என்று அப்பா உள்ளறையில் போய்ப் படுத்துக்கொண்டார் இல்லையா? நீ கதவருகே நின்று போய்வருகிறேன் என்று சொன்னபோதும் திரும்பவில்லை இல்லையா? நான் அன்று கடையில் இருந்தேன், எனக்கும் இதுவரைதான் தெரியும். நீ தெருவில் இறங்கிய பிறகு அவர் எழுந்து, காலுக்கு ஒன்றாக ஜோடி மாறிய செருப்பை மாட்டிக்கொண்டு, கொல்லைப்புறமாகப் போயிருக்கிறார். மருந்துக் கடை போர்டுக்குப் பின்னால், நீ திரும்பினாலும் தெரியாத இடமாகப் பார்த்து நின்றிருக்கிறார். அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பஸ் போய், கூட்டம் கலைந்து, கடை அடைத்த பிறகும் அவர் வரவில்லையாம். வந்ததும், தெருவெல்லாம் ஒரே தூசி என்று சொல்லி முகத்தைக் கழுவினாராம். அவர் சொல்லாததை நானும் கேட்கவில்லை, உங்களிடம் சொல்லவும் இல்லை என்றாள்.

நெட்டையிடம் கேட்டேன். எழுதி வைத்திருந்த கதையில் அந்தக் காட்சியே இல்லை என்றார். கடைசி நாள் வேலை முடிந்து கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தபோது, கேமராவை அங்கே வை, நான் சும்மா போய் நிற்கிறேன் என்று சொன்னாயாம். எதற்கு என்று கேட்டதற்கு, "ஒருவேளை நின்னிருந்தார்னா எப்படி இருந்திருக்கும்னு பார்க்கணும்" என்றாயாம்.

தம்பி, நின்றார். அதைத்தான் உனக்கு எழுத வேண்டும். நீயாக இட்டுக்கட்டியதா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடாதே.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா தவறிப்போனபோது நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ உள்ளே வந்தபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றே கிளம்பிப் போனவன்தான் நீ. கோபம் என்று எடுத்துக்கொண்டாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது கேட்டதற்கு, "அவர் நடையிலயே உள்ள வந்தான். எப்படிப் பார்க்கச் சொல்றே?" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுகிறாள்.

நீ எப்படி இருக்கிறாய் என்று நெட்டை சொல்ல மாட்டேன் என்றுதான் ஆரம்பித்தார். ஒற்றை அறையில் அட்டைகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே படுக்கிறாயாம். படத்தை முடிப்பதற்காக மறுபடி பிண வேஷத்துக்குப் போனாயாம். எப்போதடா ஊருக்குப் போவாய் என்று கேட்டால், படம் பேர் வாங்கட்டும், அப்புறம் அம்மா முகத்தில் விழிக்கிறேன் என்கிறாயாம். கடல் வற்றிக் கருவாடு தின்ன உட்கார்ந்திருந்த கொக்கு கதை உனக்குத் தெரியாததில்லை. உன் வேலையை நான் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனால் கொக்குக்கு மட்டும்தான் காத்திருக்கத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதே.

எல்லோரும் நலம் என்று எழுதினேன் அல்லவா, அதில் ஒன்றைத் திருத்த வேண்டும். அம்மாவுக்குப் பார்வையில் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வருகிறது. கடையில் எனக்குத் தெரிந்த பவர் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன், எதுவும் கேட்கவில்லை. பெரிய டாக்டரிடமும் காட்டினோம். ஓரப் பார்வை நிற்கும், நடுவில் போனது திரும்பாது, அங்கே மிச்சமிருப்பது எவ்வளவு நாளைக்கு என்று சொல்வதற்கில்லை என்றார். இப்போதே எதிரில் வரும் ஆளுக்கு உடம்பு தெரிகிறது, முகம் இருக்கும் இடத்தில் புகை மாதிரி இருக்கிறதாம். உன் படத்திலும் முகம் தெரியவில்லை என்றாள். தோளும் கையும் நடையும் தெரிந்தனவாம், அது போதுமாக இருந்ததாம். எனக்குத்தான் போதவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணைச் சோதித்து அனுப்புகிறேன், சொந்த அம்மாவுக்கு ஒரு கண்ணாடி கொடுக்க முடியவில்லை.

படத்தை இன்னொரு முறை பார்க்கலாமா என்று அவள் நெட்டையைக் கேட்டாள். அடுத்த ஊரில் சொல்லி வைத்திருந்ததால் அவர் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. போகும்போதும் தலையை இடித்துக்கொண்டார்.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "வரச் சொல்லி எழுதாதே. அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றாள். சரி என்றேன். கொஞ்ச நேரம் பேனா ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் சொன்னாள். "ஒருவேளை வந்தான்னா, நேரா என் முன்னாடி வந்து நிக்க வேணாம்னு எழுது. கொஞ்சம் தள்ளி, ஜன்னல் பக்கமா நிக்கச் சொல்லு. அப்பத்தான் எனக்கு முகம் தெரியும்."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். நான் வேறொன்றும் சேர்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

என்றும் உன் நினைவோடு,
அக்கா