நாலாவது கேள்வி

நரிக்குடி,
14.09.2025

அன்புள்ள மச்சானுக்கு,

ரேணுகா எழுதுவது. நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன் இருக்க எதற்குக் கடிதம் என்று சிரிப்பீர்கள். போனில் என்னைப் பேசவிடாமல் "ஆமா" போட வைத்துவிடுகிறீர்கள். காகிதம்தான் எனக்குத் தோது.

நேற்று அமைச்சர் வந்தார். மேடையில் நின்று, "மழை ஏமாத்துச்சா?" என்று கேட்டார். "ஆமா!" என்றது ஊர். "பிள்ளைக பொழப்புத் தேடித் திருப்பூர் போச்சா?" "ஆமா!" "உள்ளூர்லயே வேலை வேணுமா?" "ஆமா!" "அப்ப கண்மாய்ப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைக் கம்பெனிக்குக் குடுத்துருவோமா?" வந்த வேகத்தில் அதற்கும் "ஆமா!"

எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தியது பக்கத்து வீட்டுக் குருவம்மாள் மதினி. அவர் ஆடுகள் மேய்வதே அங்கேதான். வீட்டுக்கு வந்து, "ஏ ரேணுகா, நானா அப்படிச் சொன்னேன்?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வயிறு எரிகிறது மச்சான். அந்தப் பேச்சை எழுதியது நீங்கள்தானே? கல்யாணமான புதிதில், நான் பார்த்த பாளையம்பட்டிப் பள்ளிக்கூட வேலையை விடச் சொன்னபோதும் மூன்று ஆமா வாங்கிக்கொண்டுதான் நாலாவதைக் கேட்டீர்கள்.

அக்டோபர் இரண்டு கிராம சபையில் இது தீர்மானமாக வருகிறது. நான் எதிர்த்துப் பேசப்போகிறேன்.

உங்கள்
ரேணுகாதேவி

சென்னை,
20.09.2025

அன்பு ரேணுவுக்கு,

கண்டுபிடித்துவிட்டாயே, கள்ளி! நான் எழுதியதுதான். அதில் ஒரு பொய் உண்டா, சொல். மேடைப்பேச்சு எழுதுவது என் பிழைப்பு. எழுதியவன் பெண்டாட்டியே எதிர்த்து நின்றால் நாளைக்கு என்னை உள்ளே விடுவார்களா? கிராம சபையில் கட்சியின் ஒன்றியச் செயலாளர் வாசிக்கப்போவதும் இதே பேச்சுதான். ஜனங்கள் மறுபடியும் ஆமா என்பார்கள். நீ ஒருத்தி கத்தி என்ன ஆகப்போகிறது?

நாம் ஒரே வீட்டில் இருக்க வேண்டாமா? நான் கடைச்சோறு தின்று இளைப்பது உனக்கு வருத்தமில்லையா? என் மேல் பிரியம் இருக்கிறதுதானே? அப்படியானால் கிராம சபைக்கு முன்னாலேயே சென்னைக்கு வந்துவிடுவாயா?

உன்
பாண்டீஸ்வரன்

நரிக்குடி,
03.10.2025

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் உருகித்தான் போனேன். மறுபடி படித்தபோதுதான் கேள்விகளை எண்ணினேன். காகிதத்திலும் என்னை விடவில்லையே என்று அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

ஆமா போட வைத்தே நிலத்தை வாங்கிவிடப் பார்க்கிறார்கள் என்று குருவம்மாள் மதினியிடம் சொன்னேன். "ஆட்டு யாவாரி கேட்டா ஒடனேயா பதில் சொல்றோம்? வீட்ல கேட்டுச் சொல்றேன்னுதான சொல்லுவோம். இவுகளுக்கும் அதையே சொல்லுவோம்," என்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

நேற்று சபையில் ஒன்றியச் செயலாளர் எழுந்து, "மழை ஏமாத்துச்சா?" என்றார். "வீட்ல கேட்டுச் சொல்றோம்!" என்றது மொத்த சபையும். அடுத்த கேள்விக்கும் அதே. பெண்கள் சிரிப்பை அடக்க மாட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாவதைக் கேட்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நாலாவதைக் கேட்கவே இல்லை.

பிறகு நான் எழுந்து, "மேய்ச்சல் நிலத்தைக் குடுக்க மாட்டோம்னு எழுதுங்க," என்றேன். எல்லாரும் கை தூக்கினார்கள். தீர்மானம் எழுதியாயிற்று. கம்பெனி சும்மா இருக்காது. நாங்களும் சும்மா இருக்கப்போவதில்லை.

இனி நீங்கள் கேட்டவை. ஒரே வீட்டில் இருக்க ஆசைதான். நீங்கள் இளைத்தால் வருத்தம்தான். பிரியமும் இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்ல எனக்கு வராது.

நாலாவதற்கு, வீட்டில் கேட்டேன். வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். வரமாட்டேன்.

ரேணுகாதேவி