வலப்பக்கம் வருபவருக்கு வழி

4 நவம்பர், செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். இதுவரை அவரே காரை ஓட்டிக்கொண்டு போய் வந்தார். போன வாரத்திலிருந்து கண் சரியில்லை. ஆகவே நான். பிரெஞ்சு லைசென்ஸ், லியோனில் இருபது வருடம் ஓட்டிய கை. இன்டர்நேஷனல் பர்மிட் இந்த மாதத்தோடு சரி. அதற்குள் உள்ளூர் லைசென்ஸ் வாங்காவிட்டால் அப்பா ஆட்டோவில்தான் போக வேண்டும். ஒருமுறை அப்படிப் போய் வழியிலேயே மயங்கி விழுந்தார்.

இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். ஸ்டியரிங் இல்லை. அப்பாவுக்குப் பின்சீட்டில் ஒரே சிரிப்பு. இண்டிகேட்டர் போடப்போனால் வைப்பர் ஓடுகிறது.

மூடின மில் முனையில், வலப்பக்கமிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர். நின்றேன். பிரான்சில் அதுதான் சட்டம், வலப்பக்கம் வருபவருக்கு முதல் வழி. கையைத் தூக்கி நன்றி சொன்னார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நன்றி!

பின்னால் ஆட்டோக்காரர்: "யக்கா, யாருக்கு நிக்கிறீங்க? ரோடு காலியாத்தான கெடக்குது?"

6, வியாழன்

சுள்ளென்று வெயில். அதே முனை, அதே ஆள், தூக்கிய அதே கை. சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

"யாருப்பா அது?"

அப்பா முப்பது வருடம் அந்த மில்லில் வேலை பார்த்தவர். "வண்டிய எடும்மா" என்றார்.

வாங்க வேண்டியவை: ஆப்பிள், டிஷ்யூ. அப்பாவுக்கு வாழைப்பழம், இளநீர் கூடவே கூடாது, பொட்டாசியம்.

7, வெள்ளி

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரோடு பயிற்சி. மில் முனையில் கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா?"

"வலப்பக்கம் ஆள் வர்றாரு சார். அவருக்குத்தான மொதல்ல வழி?"

"புக்குல அப்படித்தான் போட்டிருக்கு, எவன் பாக்குறான்? அதுவும் இங்க வலப்பக்கம் வழியே கெடையாதும்மா. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். மில் கேட். சங்கிலி, பூட்டு, மேலே படர்ந்த கொடி.

"டெஸ்ட்டுல இப்படி நின்னீங்க, ஃபெயில்தான்."

பயமாக இருக்கிறது. கண் கோளாறு அப்பாவுக்கா, எனக்கா?

8, சனி

அப்பாவோடு. இன்று நிற்கவில்லை. சைக்கிள்காரர் பூட்டிய மில் கேட்டிலிருந்து நேராக வந்தார், வண்டிக்கு முன்னால் கையைத் தூக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தேன். சத்தமே இல்லை. ஆஸ்பத்திரியில் இறங்கி பம்பரைத் தடவிப் பார்த்தேன். ஈரம்.

10, திங்கள்

பாஸ்! எட்டு போட்டேன், பிறகு ரோட்டில் கொஞ்ச தூரம். எங்கேயும் நிற்கவில்லை. "இப்பதாம்மா நீங்க நம்மூரு ஆளு" என்றார் மாஸ்டர். ராத்திரிக்குக் கேசரி. அப்பாவுக்கு ஒரு ஸ்பூன்.

11, செவ்வாய்

தூறல். மில் முனையில் யாரும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா ஜன்னலோரமாக நகர்ந்தார். "நல்லா உக்காருப்பா, எடமிருக்கு." என்னிடம் சொல்லவில்லை. சைக்கிளை எங்கே விட்டாய் என்று கேட்டார். சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். எனக்குக் கண்ணாடியைப் பார்க்கத் துணிவில்லை.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இறங்கும்போது என் தோளைத் தொட்டார்.

"நீ காத்துக் கெடக்காதம்மா, வூட்டுக்குப் போ. திரும்பறப்ப இவனே என்னைக் கூட்டிட்டுப் போறேன்றான்."

போகவில்லை. வார்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு சாத்தியிருக்கிறது. சனிக்கிழமை அவருக்கு நின்று வழி விட்டிருக்கலாம். நான் டெஸ்டில் தேறாமலே போயிருக்கலாம்.