ஐம்பத்தெட்டுக் கிலோ

செவ்வாய், இரவு.

ஏழு கண்டங்களில் ஏழு மாரத்தான் ஓடத் தம்பிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் எங்கள் ஆம்பூர் வீட்டின் விலையைத் தாண்டுகிறது. ஓடுகிறவர்களுக்காகத் தனி விமானமே வாடகைக்கு எடுக்கிறார்களாம்.

அப்பா ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறார். கப்பலைத் தவறவிட்ட பெட்டிகளை, கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, விமானத்தில் அனுப்பிப் பழகியவர். சாப்பிடும்போது மனக்கணக்குப் போட்டார்.

“இவன் அம்பத்தெட்டு கிலோதானே? இன்னாத்துக்கு இவ்ளோ ஜாஸ்தி?”

“நான் இன்னா ஷூ பெட்டியாப்பா?” தம்பி சிரித்தான்.

“கடைசி நாள்ல எடம் காலியா இருந்தா கம்மிக்குத் தருவாங்கடா. கேட்டுப் பாரு.”

“கேக்குறேன்பா.”

காலையிலேயே, தான் ஓட வரவில்லை என்று போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டு என்னிடம் காட்டியிருந்தான். அப்பாவிடம் நானும் சொல்லவில்லை.