மழையில்லாத ஊரில் குடை

என் கோபக்காரிக்கு சலாம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஊரில் ஒரு வாரமாக ஐப்பசி மழை என்று நீ எழுதியதிலிருந்து, தாராவி வெயிலில் நான் குடையோடுதான் நடக்கிறேன்.

"என்ன பாய், எங்க மழை பெய்யுது?" என்று கூட வேலை செய்யும் உதுமான் சிரித்தான்.

"எம்பொஞ்சாதி அங்க நனையுதா. நா மட்டும் வெயில் காயணுமாவே?" என்றேன்.

'இந்த மழைக்காவது வருவியளா' என்று கேட்டிருந்தாய். சேட் லீவு தரவில்லை, பெருநாளைக்குத்தான் என்கிறார். ஒழுகாத மூலை தேடி நீ தனியாகக் கட்டிலை இழுப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இழுக்கும்போது என்னைத் திட்டியிருப்பாய். அதையாவது பக்கத்திலிருந்து கேட்டிருக்கலாம்.

நேற்று நம் தெரு காசிம் ஊருக்குப் புறப்பட்டான். வழியனுப்பப் போன நான், ரயிலில் ஏறி ஜன்னலோர இடம் எப்படி இருக்கிறது என்று சற்றே உட்கார்ந்து பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது. டிக்கெட் இல்லையென்று கல்யாண் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரன்