நாற்பத்தாறு வெட்டு

8 ஜூன் 2025, ஞாயிறு, காலை 10.20

சாந்தினி சுங்காயில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு 57 நாள். வெட்ட வேண்டியது 46. வெட்டியது 0.

ரம்பம் நேற்று வந்தது. மின்கம்பி இல்லாத வட்ட ரம்பம். 36 வோல்ட், இரண்டு பேட்டரி, 185 மில்லிமீட்டர் பிளேடு, நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று. பேட்டரியோடு ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். தூக்கிப் பார்த்தேன், பெட்டியில் வைத்தேன், திரும்ப எடுத்தேன். இப்போது சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அங்கே வைக்காதே என்று கத்த ஆள் இல்லை.

பின்னறைதான் பிரச்சினை. ஈப்போ குனோங் ராபாட்டில் இந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் பின்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கட்டியவன் மட்டம் பார்க்காதவன். தரை ஒரு படி தாழ்வு, 130 மில்லிமீட்டர். சாந்தினி இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தாள். குழந்தைக்கு அந்த அறைதான். மரச்சட்டம் போட்டு மேலே பிளைவுட் அடித்தால் வீட்டுத் தரையோடு சமமாகிவிடும். நீளச் சட்டம் 9, ஓரச் சட்டம் 2, குறுக்குக் கட்டை 24, பிளைவுட் 8, வாசல் பட்டை 3. இரண்டு நாள் வேலை.

இரண்டு நாள் வேலைக்கு இரண்டு மாதமாக ஏன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? அத்தைதான் காரணம். சாந்தினியின் அம்மா வீரம்மா. "புள்ளத்தாச்சி புருசன் மரம் வெட்டக் கூடாது மாப்ள. ஆணி அடிக்கக் கூடாது. தலமுடி கூட வெட்டக் கூடாது." முடியை விட்டுவிட்டேன். காதை மூடுகிறது. ஃபேக்டரியில் தொப்பிக்குள் அடங்கவில்லை. மரத்தையும் விடச் சொன்னால்?

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதித் தொலைக்கிறேன். போன ஆகஸ்ட், பதினோராவது வாரம். ஹால் சுவரில் டிவி மாட்ட நான் டிரில் போட்ட ஐந்தாம் நாள் கரு கலைந்துவிட்டது. அத்தை வந்தார், சுவரைப் பார்த்தார், வாயே திறக்கவில்லை. நான்தான் பேசினேன். மருத்துவமனையில், சாந்தினி படுக்கையில் இருக்கும்போதே. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பாதிக்குமேல் குரோமோசோம் கோளாறு, டிரில்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று. டாக்டர் சொன்னதும் அதேதான். நான் பேசியதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

பிறகு ஏன் இந்த முறை மூன்றாம் மாதமே பையைக் கட்டிக்கொண்டு போனாள்? தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது வழக்கம், தெரியும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து போவார்கள். மூன்றாம் மாதம் யார் போகிறார்கள்?

அறை தயாரானால் வந்துவிடுவாள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

10 ஜூன், செவ்வாய்

பேட்டரி இரண்டும் முழு சார்ஜ், 55 நிமிடம். சாந்தினி போனில் பேசியது 4 நிமிடம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழையா, மழைதான்.

12 ஜூன், வியாழன்

வேலை முடிந்து வந்து பின்னறையை அளந்தேன். தனியாக டேப் பிடித்தால் மறுமுனை நிற்கவில்லை. கதவு நிலையில் கொக்கியை மாட்டினேன், பாதி தூரம் போனதும் கழன்று சுருண்டு வந்து விரலில் அடித்தது. மூன்று தரம் அளந்து மூன்று அளவு: 3038, 3041, 3044. ஒரு அறைக்கு மூன்று நீளமா? என்ன கருமம்.

குடி வந்த புதிதில் திரைச்சீலைக்காக இதே சுவரை அளந்தோம். மறுமுனை சாந்தினி கையில். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "புடிச்சிட்டேன், இழு" என்றாள். இழுத்தேன். விடவில்லை. இன்னும் இழுத்தேன். டேப் விறைத்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் சுவரோடு சாய்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு எழுதிய தாள் அலமாரி இழுப்பறையில் கிடைத்தது. அவள் கையெழுத்து. 3040. அதையே வைத்துக்கொண்டேன்.

14 ஜூன், சனி

சிலிபின், ஊரின் மறுகோடி. மகேந்திரன் கடை. பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன், இப்போது கிச்சன் கேபினெட் செய்கிறான். வாங்கிய மெரந்தி மரச் சட்டம் எல்லாம் அவன் கடையில்தான் கிடக்கிறது.

யோசித்துப் பார்த்தால் சுலபம். வீடு குனோங் ராபாட்டில், வயிறு சுங்காயில், ரம்பம் சிலிபினில். எது எதைத் தொடும்? கம்பியில்லாத ரம்பமாகப் பார்த்து வாங்கியதே எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றுதான்.

முதலில் கழிவுக் கட்டையில் ஐந்து வெட்டு, பரிசோதனைக்கு. மெரந்தி, இரண்டுக்கு நான்கு அங்குலம்: இரண்டு வினாடி கூட இல்லை. அழுத்தவே வேண்டாம், வழிகாட்டினால் போதும், தானே போகிறது. பிறகு பழைய செங்கால் உத்திரத் துண்டு, இடித்த கடைவீட்டிலிருந்து மகேந்திரன் வாங்கி வைத்திருந்தது. கல் மாதிரி மரம். சத்தம் இறங்கியது, சுற்று குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஓரத்தில் லேசாகக் கருகல். விசையை விட்டால் ஒன்றரை வினாடியில் பிளேடு நிற்கிறது. வெட்டிய முகத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இடுக்கில் வெளிச்சம் வரவில்லை. துல்லியம். நான் படித்த படிப்பு முழுக்க அந்த ஒரு முகத்தில் இருந்த மாதிரி தோன்றியது.

"மச்சான், குடு லா. ஒரே ஒரு வெட்டு."

"தொடாத. நீ கோட்டையும் சேர்த்து வெட்டுவ."

"டேய், நான் கேபினெட் செஞ்சு பொழைக்கிறவன்டா!"

"அதான் உன் கேபினெட் கதவு ஒண்ணுகூட சேந்து மூட மாட்டேங்குது."

"போடா. ஒன் ரம்பத்த நீயே கட்டிக்க."

கொடுக்கவில்லை. கை நிற்கவுமில்லை. நீளச் சட்டம் ஒன்பதும் ஓரச் சட்டம் இரண்டும் அங்கேயே வெட்டி முடித்தேன். 11. பேட்டரியில் இன்னும் பாதிக்குமேல் மிச்சம். சட்டை, மூக்கு, புருவம் எல்லாம் மரத்தூள். சிரித்துக்கொண்டு நின்றேன். இதைச் சொல்ல எனக்கு உலகத்தில் ஒரே ஆள்தான்.

வீடியோவைச் சாந்தினிக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "வீட்டுல இல்ல. சிலிபின்ல. ரூல் உடைக்கல."

மகேந்திரன் எட்டிப் பார்த்துவிட்டு, "அனுப்பிட்டியா? பைத்தியமாடா நீ?" என்றான்.

15 ஜூன், ஞாயிறு

நேற்று 4.12க்கே பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

16 ஜூன், திங்கள்

இல்லை.

18 ஜூன், புதன்

போனை எடுத்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

"வீட்டுல இல்ல, சிலிபின்ல. யாருகிட்ட தனேஷ் வாதாடுற? நான் ஒண்ணுமே கேக்கலையே."

"நீ கேப்பன்னு..."

"சரி. நீ ஜெயிச்சிட்ட. பிரசவத்த இங்கயே பாத்துக்கிறேன். ஈப்போ ஆஸ்பத்திரில இருக்குற பிரசவக் கார்ட இங்க மாத்தச் சொல்லப் போறேன்."

வைத்துவிட்டாள். ஒரு நிமிடம் ஐந்து வினாடி.

அப்படியானால் பிரசவத்துக்கு முன் வரமாட்டாள். பிறகும் அங்கேயே எத்தனை மாதமோ. அறை எதற்கு? சட்டம் எதற்கு? சரியாக வெட்டினேன், சரியாகச் சொன்னேன், பொய் சொல்லவில்லை, ஒளிக்கவில்லை. வேற என்னதான் செய்யணும் நான்? யாராவது சொல்லித் தொலைங்களேன்.

22 ஜூன், ஞாயிறு

பிளேட்டை மறுபடியும் கழற்றித் துடைத்து மாட்டினேன். அழுக்கே இல்லை.

27 ஜூன், வெள்ளி, பொது விடுமுறை

காலை ஒன்பதுக்கெல்லாம் சுங்காய். வரும் வழி முழுக்க அத்தையிடம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். அவரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் சாந்தினி தானாக வருவாள். இதுதான் திட்டம்.

சாந்தினி குளித்துக்கொண்டிருந்தாள். அத்தை வாசலில் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். உட்கார்ந்த உடனே ஆரம்பித்தேன்.

"அத்தை, சாந்தினி வயித்துல இருக்கும்போது நீங்க கித்தா காட்டுல ரப்பர் சீவப் போனீங்கதானே?"

"போனேன் மாப்ள. எட்டு மாசம் வரைக்கும் பால்மரம் சீவினேன்."

"ஒரு நாளைக்கு எத்தன மரம்?"

"ஐநூறு இருக்கும்."

"மாமாவும்?"

"அவரும்தான்."

"அப்ப ரெண்டு பேருமா ஒரு நாளைக்கு ஆயிரம் மரத்துல கத்தி வெச்சிருக்கீங்க. சாந்தினிக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கா?"

மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது.

அத்தை கையை நிறுத்தவில்லை. ஒரு நெத்திலி, இன்னொரு நெத்திலி.

"அஞ்சு புள்ள மாப்ள. மூணுதான் இருக்கு."

எனக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருடம், யாரும் சொன்னதில்லை.

"மரத்தாலன்னு நான் சொல்லல. எனக்கு என்னா தெரியும்? ஒரு நாளு போவாம படுத்திருந்தா நின்னிருக்குமோன்னு இப்பவும் நெனப்பு வரும், அவ்வளவுதான். போவாம இருக்க முடியாது. விடியகாலையில பெரட்டுல பேரு கூப்புடுவாங்க, நிக்கணும். எங்களுக்கு வழி இல்ல. ஒங்களுக்கு இருக்கு. ஒங்கள சும்மா இருங்கன்னு சொல்ல முடியுதுல்ல, அதான் சொன்னேன்."

தட்டை ஒரு தட்டுத் தட்டி நெத்திலியைச் சமமாக்கினார்.

"ரெண்டாவது பொண்ணு நாப்பது நாளு இருந்தா. தேவானைன்னு பேரு. நாலாவது வெளியவே வரல. அதுக்கும் ஒரு பேரு நெனச்சி வெச்சிருந்தேன். யாரும் கேக்கல. நானும் சொல்லல."

வரிசைப்படுத்தி வந்ததில் இன்னும் நான்கு பாயிண்ட் மிச்சமிருந்தது. எல்லாம் சரியான பாயிண்ட். தட்டை இழுத்து நானும் நெத்திலி கிள்ளினேன். தலையோடு உடம்பும் பிய்ந்து வந்தது. "விடுங்க மாப்ள, மொத்தத்தையும் வீணாக்கிடுவீங்க" என்றார்.

நிமிர்ந்தால் வாசற்படியில் சாந்தினி. ஈரத் தலையில் துண்டு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. வயிறு தெரிகிறது இப்போது. போன முறை வந்தபோது இவ்வளவு இல்லை.

28 ஜூன், சனி

இரவு ஹாலில் பாய். காலையில் சாந்தினியே கூப்பிட்டாள், நடந்துவிட்டு வரலாம் என்று. தாமான் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கும் இடம்வரை போனோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தோம்.

நான் ஒன்றும் பேசவில்லை. எவ்வளவு கஷ்டம் அது!

"என்ன, இன்னிக்கு ஒரு புள்ளிவெவரமும் இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"அதிசயம் லா." காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்: "குரோமோசோம் எனக்கும் தெரியும் தனேஷ். நான் கிளினிக்லதான வேலை செய்றேன். டிரில்லாலன்னு நான் ஒரு நாளும் சொல்லல. அன்னிக்கு வெளக்கம் சொல்ல டாக்டர் இருந்தாரு. நீயும் சேந்து வெளக்கம் சொல்லிக்கிட்டு நின்ன. நான் சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டேன். நீ அப்பவும் நிறுத்தல."

ஞாபகம் இருக்கிறது. அவள் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தேன். கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"அழுதியா?" என்றேன். முட்டாள் கேள்வி.

"நீ?" என்றாள்.

அன்றைக்கு அழவில்லை என்பதுதான் பதில். நேற்று மதியம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். எழும்போது என் தோளைப் பிடித்து எழுந்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

திரும்பும்போது கேட்டாள்: "இன்னும் எத்தன வெட்டு பாக்கி?"

"முப்பத்தஞ்சு."

"மகேந்திரன் வெட்டட்டும். திருகுறது, ஆணி, எல்லாம் அவன்தான். அம்மாவுக்காக."

"அவன் மூணு மில்லிமீட்டர் தப்பா வெட்டுவான் சாந்தினி."

"வெட்டட்டுமே."

"சரி."

"கார்ட இன்னும் மாத்தல" என்றாள். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

5 ஜூலை, சனி

நான் கொண்டுபோய்க் கொடுத்த ரம்பத்தோடும் மரத்தோடும் மகேந்திரன் வீட்டுக்கு வந்தான். நான் கட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடு போட்டது நான். வெட்டு அவனுடையது. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் என் ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது.

"இன்னிக்கு என்ன ஒன் வாய்க்கு லீவா?" என்றான்.

"கோட்டப் பாத்து வெட்டு."

35 வெட்டில் ஆறு தப்பு. பெரியது 4 மில்லிமீட்டர். ஆப்பு வைத்து இறுக்கினான். பிளைவுட் மூடியதும் ஒன்றும் தெரியவில்லை. தரையில் குதித்துப் பார்த்தேன். வாசற்பக்கம் ஒரு இடத்தில் லேசாகக் கிறீச்சிடுகிறது. எந்த வெட்டு என்று எனக்குத் தெரியும். விட்டுவிட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு, மாலை 5.45

வீடியோவில் சாந்தினிக்கு அறையைக் காட்டினேன். வெறும் தரை, நான்கு சுவர், ஜன்னலில் குன்று. வோல்ட், சுற்று, மில்லிமீட்டர் எதுவும் பேசவில்லை. கிறீச்சிடும் இடத்தை மட்டும் மிதித்துக் காட்டினேன். சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை.

"வெள்ளிக்கிழம ஈப்போல ஸ்கேன் இருக்கு. வியாழன் சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போ. மூணு நாள் இருப்பேன். அதுக்கப்புறம் பாக்கலாம்."

மூன்று நாள். அதற்கப்புறம் என்னவென்று நான் கேட்கவில்லை.

செய்ய வேண்டியது:

1. வியாழன் அரை நாள், வெள்ளி முழு நாள் விடுப்பு. நாளை காலை முதல் வேலையாக மனு.

2. ரம்பம் குழந்தை பிறக்கும்வரை மகேந்திரன் கடையிலேயே இருக்கட்டும். பேட்டரியைப் பாதி சார்ஜில் வைக்கச் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரியாது.

3. அத்தையையும் கூட வரச் சொல்வது. முன்னறையைக் காலி செய்ய வேண்டும்.

4. ஸ்கேன் அறையில் டாக்டர் பேசட்டும். எனக்கு ஒரே ஒரு கேள்வி, அதுவும் கடைசியில்.

5. போன ஆகஸ்டில் கலைந்ததற்கு மனதில் ஏதாவது பெயர் வைத்திருந்தாளா என்று சாந்தினியிடம் கேட்பது.

6. கேட்டபிறகு வாயைத் திறக்காமல் இருப்பது. எவ்வளவு நேரம் ஆனாலும்.